ஓட்டுநரிடம் பேசியவள்

என் தொழில் விழிப்புணர்வு. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. ஆறு வருடம் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டச் சொல்லிப் பேசினேன். அப்புறம் மூன்று வருடம் கொசு. நடுநடுவே தேர்தல் வந்தால், தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்களிடமே போய் ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லுவேன். "ஆரோக்கியசெல்வி மேடம் வாயத் தொறந்தா கொசுவே திருந்திடும்" என்று ஓர் அதிகாரி கூட்டத்தில் மைக்கிலேயே சொன்னார். அவர் கிண்டல் செய்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. எனக்கு மட்டும் புரியவில்லை. அந்தப் பேச்சை நான் நம்பிவிட்டேன்.

அப்படிப்பட்ட என்னை இந்த வருடம் மாசி மாதம் ஒரு தனியார் பேருந்து கம்பெனி கூப்பிட்டது. பெயர் வேண்டாம், சொன்னால் ஓசியில் விளம்பரம் ஆகிவிடும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பத்தொன்பது வண்டி ஓட்டுகிறார்கள். அதில் ஒன்று போன வருடம் ஒரு காம்பவுண்டுச் சுவரை இடித்தது. சுவர் ரோட்டுக்கு வரவில்லை, வண்டிதான் சுவரைத் தேடிப் போனது. ஓட்டுநர் அப்போது மச்சானோடு போனில் பெண் பார்க்கும் விஷயம் பேசிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மண்டபத்தில் கும்பலாக உட்கார வைத்துப் பேசி, டீ கொடுத்து அனுப்பினால் செல்லாதாம். ஒவ்வோர் ஓட்டுநரிடமும் தனித்தனியாகப் பேசிக் கையெழுத்து வாங்கிக் காட்ட வேண்டுமாம்.

மேனேஜர் சீனுவாசன் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பன்னிரண்டு கேள்விகள். எந்த ஊரிலோ எழுதியதை யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். முதல் கேள்வி இது: "தாங்கள் கவனச்சிதறலை எந்தெந்தத் தருணங்களில் எதிர்கொள்கிறீர்கள்?" முதல் ஓட்டுநரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "அது எந்த ஸ்டாப்பிங் மேடம்? நம்ம ரூட்ல இல்லியே" என்றார்.

படிவத்தின் தலைப்பில் தடித்த எழுத்தில் விதிகள் இருந்தன. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அவரும் நம் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மனம்விட்டுப் பேச வைக்க வேண்டும். எங்கே வைத்துப் பேசுவது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. இதையெல்லாமா எழுத வேண்டும் என்று அவர்கள் விட்டிருப்பார்கள். எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் வண்டி நிற்பது ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தில் ஓட்டுநர் ஒன்றுக்குப் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும், அடுத்த வண்டிக்காரன் தன் டைமில் ஆள் ஏற்றுகிறான் என்று சண்டை போட வேண்டும். மனம்விட்டுப் பேச எனக்கு மிச்சம் இருந்தது முக்கால் நிமிஷம். ஒரு வாரத்தில் மூன்று பேரை முடித்தேன். அதில் ஒருவர் வாயில் போண்டாவோடு பேசினார். அவர் திருந்தினாரா, விக்கினாரா என்று எனக்குத் தெரியாது.

"மேடம், முப்பத்தெட்டு பேரு. பங்குனி முடியறதுக்குள்ள முடிக்கணும். டிரைவர எறக்கி வச்சிக்கினு பேசினா டிரிப்பு இன்னா ஆவறது?" என்றார் சீனுவாசன். மறுநாளே ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரில் உத்தரவு வந்தது. "ஓட்டுநர்கள் வண்டியை விட்டு இறங்க வேண்டாம். மேடம் வண்டியில் ஏறி, ஓடும்போதே பேசி முடிப்பார். ஒத்துழைக்கவும்." கீழே இரண்டு கும்பிடு.

நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். வண்டி ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாது என்பதை வண்டி ஓட்டும்போதே வந்து சொல்லுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மூளையில் ஓடியது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு நாலு பேர் முடியும். "சூப்பர் ஐடியா சார்" என்று பதில் போட்டேன். நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடி ஒரு மேடை இருக்கும், பேனட் என்பார்கள். நெரிசலில் பொம்பளைகள் அதில் உட்காருவார்கள். அதுதான் என் ஆபீஸ் ஆனது. சூடு தாங்காமல் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வேன். கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் படிவம். "என்னப் பாத்து சொல்லுங்க" என்பேன். அவர்களும் பாவம், என்னைப் பார்த்துச் சொல்லுவார்கள். ஒருவர் தன் கதையைச் சொல்லிக் கண் கலங்கினார். அப்போது முன்னால் ஒரு கரும்பு லாரி போய்க்கொண்டிருந்தது. இன்னொருவர் படிவத்தை ஸ்டியரிங் மேலேயே விரித்து, ரெண்டு கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டார். அழகான கையெழுத்து. அதை நான் பாராட்டவும் செய்தேன்.

ஒருநாள் மீன் கூடை வைத்திருந்த ஓர் அம்மா முன்பக்கம் இருந்த போர்டைக் காட்டினாள். "ஏம்மா, ஓட்டுநரிடம் பேசாதீர்னு எழுதிக் கீதாமே. எனக்குப் படிக்கத் தெரியாது, எம்பொண்ணு படிச்சி சொன்னா. நீ படிச்ச பொம்பளதான?"

எனக்கு வந்ததே கோபம். "நான் உங்க உசுருக்காகத்தாம்மா பேசிக்கினு இருக்கேன். சும்மா வாங்க" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அவள்தான் அந்த வண்டியில் விழிப்போடு இருந்த ஒரே ஆள் என்று இப்போது தெரிகிறது. இப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

முப்பத்தேழு பேர் முடிந்தார்கள். கடைசி ஆள் விருத்தாசலம். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது, ஒரு கேஸ் கிடையாது. வண்டி எடுத்தால் போனை அணைத்து, துண்டில் சுற்றி, சோற்றுப் பையின் அடியில் வைத்துவிடுவார். பொண்டாட்டி பிரசவத்துக்குப் போனபோதுகூட திண்டிவனம் போய்ச் சேர்ந்த பிறகுதான் போனை எடுத்தாராம். இப்படிப்பட்டவருக்கு என் புத்திமதி எதற்கு என்கிறீர்களா? கையெழுத்துப் பட்டியலில் முப்பத்தெட்டுக் கட்டங்கள் இருந்தன. ஒன்று காலியாக இருந்தது.

காலை பத்தரை மணிக்கு ஏறினேன். விக்கிரவாண்டி வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"என்னப் பாத்து சொல்லுங்க" என்றேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. திண்டிவனத்துல வண்டிய நிறுத்திட்டு, டீகூட வேணாம், உங்களாண்ட பேசறேன். ஓட்டறப்போ எனக்குப் பேச வராது."

எல்லோரும் அடங்கிவிட்டார்கள், இந்த ஆளுக்கு மட்டும் என்ன தனி ராஜ மரியாதை என்று எனக்குச் சுருக்கென்றது. "முப்பத்திநாலு பேரு பேசிக்கினே ஓட்டினாங்க. நீங்க மட்டும் என்ன ஏரோப்ளேனா ஓட்டறீங்க?" என்றேன். வண்டியில் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் தேவாவும் சிரித்தான். விருத்தாசலத்தின் முகம் சுருங்கிப் போனது. அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பதில் சொன்னார்.

பதினோராவது கேள்வி: "ஓட்டுநர் தம் குடும்பத்தினரின் புகைப்படத்தைக் காண்பிக்கச் செய்து, அவர்களுக்காகக் கவனமாக ஓட்டுவேன் என உறுதி கூற வைக்கவும்."

"பொண்ணு போட்டோ வச்சிருக்கீங்களா?"

"போன்ல கீது மேடம். போனு பையில கீது."

நான்தான் குனிந்து பையை எடுத்தேன். நான்தான் சோற்றுத் தூக்கை நகர்த்தி, துண்டைப் பிரித்து, போனை உயிர்ப்பித்து அவர் கையில் கொடுத்தேன். பூட்டு போட்டிருந்தது. விரலால் கோடு இழுத்துத் திறந்தார். உள்ளே போனால், எல்லோர் போனிலும் இருக்கிற குப்பைதான். காலை வணக்கம், பிள்ளையார், காலை வணக்கம், தேய்ந்த டயர், யாரோ ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி, மறுபடியும் பிள்ளையார். "இருங்க மேடம், கலையரசி ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கின போட்டோ ஒண்ணு கீது" என்று தள்ளிக்கொண்டே போனார். அவர் குரலில் முதல் முறையாக ஒரு சந்தோஷம் இருந்தது. "சீக்கிரம்" என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மண் ரோட்டிலிருந்து ஒரு டிவிஎஸ் வண்டி ஏறியது. பின்னால் ரெண்டு மூட்டை மல்லாட்டை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஓட்டிவந்தவர் முருகையன், பெருமுக்கல் பக்கத்து விவசாயி. விருத்தாசலம் தலையை நிமிர்த்துவதற்கும் பஸ்ஸின் முன்முனை அவரைத் தட்டுவதற்கும் சரியாக இருந்தது. பிரேக் போட்ட வேகத்தில் நான் கண்ணாடியில் போய் மோதினேன். ரோடெல்லாம் மல்லாட்டை. அதன் நடுவே முருகையன் கிடந்தார், அவருடைய வலது கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

இறங்கியவர்களில் பாதிப் பேர் அவரைத் தூக்கப் போனார்கள். மீதிப் பேர் போனைத் தூக்கினார்கள். எதிர்ப்பக்கம் போன கார்க்காரர்கள்கூட ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுத்துக்கொண்டே போனார்கள். விருத்தாசலம் மட்டும் தார் ரோட்டில் உட்கார்ந்து, அந்த மனிதரின் ரத்தம் வழிகிற தலையைத் தன் மடியில் வைத்துத் துண்டால் அழுத்திக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். நூற்றியெட்டு வந்து முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வரைக்கும் அவர் அசையவில்லை.

மறுநாள் திண்டிவனம் ஆபீசில் விசாரணை. சீனுவாசன், விருத்தாசலம், தேவா, நான். வண்டியில் ஓட்டுநரை மட்டும் பார்க்கிற கேமரா ஒன்று உண்டு. பேச்சு அதில் பதியாது. படத்தைப் போட்டார்கள். விருத்தாசலம் ரோட்டைப் பார்க்கிறார். பக்கவாட்டிலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்து போனை நீட்டுகிறது. அவர் வாங்குகிறார், குனிகிறார், அவ்வளவுதான்.

சீனுவாசன் அந்தக் கையை ரெண்டு தரம் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டு, "முன்னாடி அரை நிமிஷத்த வெட்டிடுப்பா, ஃபைலு பெருசா இருக்குது, போலீசுக்கு அனுப்ப முடியாது" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெட்டி எறிகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

என்னிடம் ஒரு தாளை நீட்டினார். வண்டி கிளம்புவதற்கு முன்பே, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வைத்து இந்த ஓட்டுநருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. அதையும் மீறி அவர் போனை எடுத்தார் என்று அதில் இருந்தது. "உங்க நல்லதுக்குத்தான் மேடம். அடுத்தது சேலம் பக்கம் நம்ம முதலாளியோட தம்பி கம்பெனி. நூத்தி இருவது டிரைவரு. உங்களத்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

விருத்தாசலம் என்னையே பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். துப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

"நீ எதுனா சொல்லணுமா?" என்று சீனுவாசன் அவரிடம் கேட்டார்.

"மேடம் நல்லதுதான் சொன்னாங்க சார். நான்தான் ரோட்டப் பாக்கல" என்றார் விருத்தாசலம். அதற்கு அவர் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். வேலையிலிருந்து நீக்கி அன்றே தாள் கொடுத்தார்கள். வாங்கி, நாலாக மடித்து, சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய், ஒரு வாய் கஞ்சியைக்கூட உள்ளே விட மாட்டேன் என்றது. நாலாவது நாள் காலையில் தேவா போன் செய்தான்.

"மேடம், இன்னிக்கி ஏட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் பெரியவராண்ட வாக்குமூலம் வாங்கறாரு. மேனேஜரு நேத்தே போயி, டிரைவரு போனு பாத்துக்கினே வந்தான்னு அவராண்ட ஏத்தி வுட்டுட்டு வந்துட்டாரு. அது எழுத்துல ஏறிச்சின்னா விருத்தாசலண்ணன் லைசென்சு போச்சு. அவருக்கு வேற தொழில் தெரியாது. மாடு ஓட்டலாம்னாகூட மாடு வேணும்ல?"

"நீ போய்ச் சொல்லேன் தேவா, நீயும்தான் பார்த்தே."

"நானா? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ள கீது மேடம். ஏன் பேஜாரு பண்றீங்க? கொசுவையெல்லாம் திருத்தினவங்க நீங்க. நீங்களே போங்க" என்று வைத்துவிட்டான். என்னைக் கேலி செய்தால் இப்போது எனக்கு உடனே புரிகிறது. அந்த அளவுக்குத் தேறியிருக்கிறேன்.

டவுன் பஸ்ஸில் முண்டியம்பாக்கம் போனேன். கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வார்டில் இருபது கட்டில் இருக்கும். முருகையன் காலைத் தூக்கிக் கட்டி, எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். தலைக்கட்டு ரெண்டு காதையும் சேர்த்து மூடியிருந்தது. பக்கத்தில் அவர் சம்சாரம் கெங்கம்மாள் விசிறிக்கொண்டிருந்தார். ஏட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

"சார், எழுதாதீங்க. அன்னிக்கு டிரைவர் கையில போனை எடுத்துக் குடுத்தது நான்தான்" என்றேன்.

ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? அந்த ஆளுக்கு சொந்தமா?"

இல்லை என்றேன். கம்பெனி அட்டையைக் காட்டினேன். சீனுவாசன் போட்ட வாட்ஸ்அப் உத்தரவைக் காட்டினேன். திண்டிவனத்தில் நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய் என்றும், போலீசுக்கு வந்த படத்தில் அரை நிமிஷம் இல்லை என்றும் சொன்னேன். ஏட்டு அந்த உத்தரவை உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார்.

"ஓடும்போதே பேசி முடிப்பார்னு போட்டிருக்காரு. ஓடற பஸ்ல அப்படி இன்னா அவசரமா பேசி முடிக்கணும்?"

ஒன்பது வருடத் தொழிலில் எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். கழிப்பறை கட்டத் தண்ணீர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், ஓட்டுப் போட்டு என்ன கண்டோம் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாமல் நான் நின்றதே இல்லை. இதற்கும் சொன்னேன்.

"வண்டி ஓட்டறப்போ கவனம் செதறக் கூடாதுன்னு... சொல்லிக்கினு இருந்தேன்."

முருகையன் தலையைத் திருப்பப் பார்த்து, முடியாமல், "இன்னா சொல்லுது அந்தப் பொம்பள?" என்று சம்சாரத்தைக் கேட்டார்.

"நல்லா ஒரக்க சொல்லும்மா. கட்டு போட்டதுல அவருக்குக் காது எட்டல" என்றார் கெங்கம்மாள்.

பொண்ணு போட்டோவைக் காட்டச் சொன்னதையும் சேர்த்து உரக்கச் சொன்னேன். மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கிற குரல் எனக்கு. வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் போனில் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்றத எழுதினா டிரைவர் தலையில மட்டும் கட்ட முடியாது. உத்தரவு போட்டவரு மேலயும் வரும். உங்க மேலயும் வரும், பொய்க் கையெழுத்துக்குத் தனியா. நல்லா யோசிச்சுக்குங்க" என்றார் ஏட்டு.

"எழுதுங்க" என்றேன்.

முருகையன் கெங்கம்மாளின் விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினார். "அந்த டிரைவரு எந்தலைய மடியில வச்சிக்கினு அழுதாரு. அவரு பொண்ணு போட்டோவக் காட்டத்தான் போனை வாங்கினாருன்ற?"

"ஆமாங்க."

"எங்காலு போச்சு. வெளஞ்ச மல்லாட்ட ரோட்டோட போச்சு. அந்தாளு பொழப்பு போச்சு. சரி, நீ கேட்டியே, நீயாவது அந்தப் போட்டோவப் பாத்தியா?"

"இல்லீங்க" என்றேன். "பாக்கல."

அவர் ஏட்டு பக்கம் கையை அசைத்து, "இதயும் எழுதிக்குங்க சார்" என்றார்.

ஏட்டு எழுதினார்.